ஈர இலைக் காலத்தில் பிரேக்கைச் சரிசெய்த விதம்

கோபன்ஹேகனில் அக்டோபர் பிறந்தால், ஏரிக்கரை மரங்கள் உதிர்க்கும் இலைகள் மழையில் ஊறி, சைக்கிள் பாதையில் வழவழவென்று கூழாகப் படிந்துவிடும். அந்தக் கூழும் சாலை அழுக்கும் ரிம்மில் ஒட்டிக்கொண்டதால், என் சைக்கிளின் பிரேக் கீச்சிட்டதோடு, பிடிக்கவும் தாமதித்தது.

பிரேக் கட்டைகளைக் கழற்றிப் பார்த்தபோது அவற்றின் முகம் தேய்ந்து பளபளத்தது. இடையிடையே அலுமினியத் துகள்கள் மின்னின. துகள்களை ஊசியால் நெம்பி எடுத்து, உப்புத்தாளால் முகத்தைச் சொரசொரப்பாக்கி, ரிம்மை ஸ்பிரிட் நனைத்த துணியால், துணியில் கறை ஒட்டாமல் போகும்வரை துடைத்தேன். மீண்டும் பூட்டும்போது, கட்டையின் முன்முனை சற்று முந்தி ரிம்மைத் தொடுமாறு சாய்த்து வைத்ததும் கீச்சொலி நின்றது.

ஈர இலைமேல் டயரே வழுக்குவதால், எந்தப் பிரேக்கும் அங்கே உதவாது. முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, கைப்பிடியைத் திருப்பாமல் நேராகக் கடக்கிறேன். அக்டோபர் கடைசி ஞாயிறன்று, குளிர்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியபின் மாலை சீக்கிரம் இருட்டிவிடுவதால், பாதையில் கிடக்கும் இலைகள் தெரியும்படி முன்விளக்கையும் சற்றுத் தாழ்த்தியிருக்கிறேன்.