ஒரு பக்கம் சாய்ந்த ஹாலைச் சரிசெய்தது

சோபா, உயரமான புத்தக அலமாரி, அடர்நிறத் திரை மூன்றும் ஒரே பக்கம். எதிர்ப்பக்கம் வெறிச்சென்று இருந்தது. அடர்நிறமும் உயரமும் கண்ணுக்குக் கூடுதல் எடை காட்டும். அலமாரியை எதிர்ச்சுவருக்கு நகர்த்தியதும் பாதிக் குறை தீர்ந்தது.

அதிகம் படுத்தியது சோபாவுக்கு மேலிருந்த படம்தான். 210 செ.மீ. சோபாவுக்கு 50 செ.மீ. படம், தபால்தலை மாதிரி! சோபா அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 42 செ.மீ. சட்டங்கள் மூன்றை 7 செ.மீ. இடைவெளியில் மாட்டினேன், மொத்தம் 140. சட்டத்தின் அடிவிளிம்பு சோபா முதுகிலிருந்து 20 செ.மீ. மேலே. அதைவிட உயர்ந்தால் படம் தனியாக மிதக்கும். செய்தித்தாளை அதே அளவில் வெட்டி ஒட்டிப் பார்த்துவிட்டு ஆணி அடித்தால் வீண் ஓட்டை விழாது.

கம்பளத்தின்மேல் சோபாவின் முன்கால்களாவது நிற்கட்டும்.

சந்தேகமிருந்தால் போனில் கறுப்பு வெள்ளையில் படமெடுங்கள். எந்தப் பக்கம் கனம் என்று உடனே தெரியும்.