டீபிரீஃபிங் நடத்தும் பயிற்சியாளரைக் கவனிப்பது எப்படி?

மருத்துவமனையில் பொம்மையை நோயாளியாகப் படுக்கவைத்து நடத்தும் சிமுலேஷன் பயிற்சி சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிறகு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து நடந்ததை அலசும் டீபிரீஃபிங்கில்தான் பாடம் மனதில் இறங்குகிறது. அந்தப் பேச்சை நடத்தும் பயிற்சியாளர் சரியாக நடத்துகிறாரா என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. அந்தப் பொறுப்பை முதன்முறையாக ஏற்பவருக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: முன்கூட்டியே பேசுங்கள்

"இன்று நான் எதைக் கவனிக்கட்டும்?" என்று பயிற்சியாளரையே கேளுங்கள். "நானே அதிகம் பேசிவிடுகிறேனா, பாருங்கள்" என்று அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. குறிப்புகள் மேலதிகாரியிடம் போகாது என்று வாக்குக் கொடுங்கள், அதைக் காப்பாற்றுங்கள். நீங்கள் யாரைக் கவனிக்க வந்திருக்கிறீர்கள் என்பது குழுவுக்கும் தெரியவேண்டும். இல்லாவிட்டால் தங்களுக்குத்தான் மதிப்பெண் போடுகிறீர்கள் என்று நினைத்துச் செவிலியர்கள் வாய் திறக்கமாட்டார்கள்.

படி 2: கோடு போடுங்கள்

வட்டத்துக்கு வெளியே, எல்லா முகங்களும் தெரியும் இடத்தில் உட்காருங்கள். இருக்கை வரிசைப்படி ஆளுக்கு ஒரு சிறு வட்டம் வரையுங்கள். ஒருவர் இன்னொருவரிடம் பேசும்போதெல்லாம் இருவருக்கும் இடையே ஒரு கோடு. இதற்கு சோசியோகிராம் என்று பெயர்.

நான் வரைந்த முதல் படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. எல்லாக் கோடுகளும் சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள்போலப் பயிற்சியாளரிடமே போய்ச் சேர்ந்தன. மூலையில் இருந்த இளம் செவிலியருக்கு ஒரு கோடுகூட இல்லை. பயிற்சியில் ஆம்பு பை, அதாவது கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை, பிடித்தவர் அவர். ஆக்சிஜன் குழாய் மாட்டப்படாமல் கிடந்ததைப் பார்த்தவரும் அவர்தான். அதை அவர் சொன்னது தேநீர் வேளையில், என்னிடம்.

படி 3: கேள்வியை அப்படியே எழுதுங்கள்

"நன்றாகக் கேட்டார்" என்ற குறிப்பால் பயனில்லை. பயிற்சியாளர் கேட்ட சொற்களை மாற்றாமல் எழுதுங்கள். கேட்டபின் எத்தனை நொடி காத்திருந்தார் என்பதையும் குறியுங்கள். இரண்டே நொடியில் தானே பதிலும் சொல்லிவிடுபவர்கள் அதிகம்.

இதயம் நின்ற நோயாளியைக் காப்பாற்றும் பயிற்சி என்று வைத்துக்கொள்வோம். "ஏன் நெஞ்சழுத்தத்தை நிறுத்தினீர்கள்?" என்பது குற்றச்சாட்டுபோல விழும். இப்படிக் கேட்டுப்பாருங்கள்: "மின்னதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டரைத் தயார் செய்தபோது இருபது நொடி அழுத்தம் நின்றிருந்தது. மூளைக்கு ரத்தம் போகாதே என்று எனக்குக் கவலையாக இருந்தது. அப்போது உங்கள் மனதில் என்ன ஓடியது?" கண்டது, அதைப்பற்றிய தன் கருத்து, பிறகு உண்மையான கேள்வி என்ற இந்த வரிசையைத்தான் பாஸ்டனைச் சேர்ந்த ஜென்னி ருடால்ஃபும் அவருடைய சகாக்களும் 2006-இல் வெளியிட்ட கட்டுரையில் வலியுறுத்தினார்கள். கருத்தை மறைத்துக்கொண்டு கேட்டாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். மரியாதையோடு வெளிப்படையாகச் சொல்வதே மேல் என்பது என் அனுபவமும்கூட.

படி 4: மதிப்பீட்டுத் தாள்

டீபிரீஃபிங் எப்படி நடந்தது என்று மதிப்பெண் போட ஆயத்தத் தாள்கள் உண்டு. 6 கூறுகளை 7 புள்ளி அளவுகோலில் மதிப்பிடும் டேஷ் (DASH), 8 கூறுகளுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் தரும் ஓசாட் (OSAD) இரண்டும் பரவலாகப் பயன்படுகின்றன. அமர்வு முடிந்தபின் நிரப்புங்கள். தொடக்கத்தில் ஒரே ஒரு கூறு போதும்.

படி 5: அன்றே, தனியாக

முதலில் அவர் பேசட்டும். பிறகு கோடு போட்ட படத்தை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். அவரே கண்டுபிடிப்பார். அடுத்த முறைக்கு ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் இருவரும் முடிவு செய்யுங்கள். ஐந்தாறு சொன்னால் ஒன்றும் நிற்காது.

அடுத்த அமர்விலும் அதே படத்தை வரைந்து, பழையதன் பக்கத்தில் வையுங்கள். நான் சொன்ன அந்தப் பயிற்சியாளர் மறுமுறை மூலையிலிருந்து தொடங்கினார்: "பை பிடித்த இடத்திலிருந்து உங்களுக்கு என்ன தெரிந்தது?" அன்று அந்த மூலையிலிருந்து மூன்று கோடுகள் புறப்பட்டன. அதில் ஒன்று பயிற்சியாளரிடம் போகாமல், நேர் எதிரே இருந்த மருத்துவரிடம் போயிருந்தது.