சிக்னலுக்கு வேறொருவர் கட்டிய டெஸ்க்டாப் செயலி: எங்கே சறுக்குகிறோம்

சிக்னல், ரகசியமாகச் செய்தி அனுப்பும் செயலி. லினக்ஸில் சிக்னல் நிறுவனமே தரும் டெஸ்க்டாப் செயலி, டெபியன் வழி வந்த உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளுக்குத்தான். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வகையை வைத்திருப்பவர்கள் பலர், ஃபிளாட்ஹப் என்ற செயலிக் கிடங்கில் கிடைப்பதைப் போட்டுக்கொள்கிறார்கள். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் திரையின் பிரியர்கள், அதிலேயே ஓடும் சிக்னல்-சிஎல்ஐ (சுருக்கமாக சிஎல்ஐ) பக்கம் போகிறார்கள். இரண்டையும் பராமரிப்பவர்கள் வெளியாட்கள். வேண்டாம் என்று சொல்லமாட்டேன், நானே பயன்படுத்துகிறேன்.

நான் செய்த முதல் தவறு, சிஎல்ஐயில் 'லிங்க்' கட்டளைக்குப் பதில் 'ரெஜிஸ்டர்' கொடுத்தது. முதலாவது, கணினியைப் போனுக்குத் துணைக் கருவியாக இணைக்கும். இரண்டாவது, சிக்னலில் பதிந்த போன் எண்ணையே கணினிக்கு மாற்றிவிடும். போனில் சிக்னல் அறுந்துபோனது. நண்பர்களுக்கெல்லாம் 'பாதுகாப்பு எண் மாறியுள்ளது' என்று செய்தி போய், "போன் தொலஞ்சு போச்சா?" என்று காலையிலேயே விசாரிப்பு.

'லிங்க்' கொடுத்தால் திரையில் ஒரு நீள முகவரி வரும். போனில் ஸ்கேன் செய்ய அதை க்யூஆர் குறியீடாக மாற்ற வேண்டும், அதற்குச் சிலர் ஏதோ ஒரு இணையதளத்தில் ஒட்டுகிறார்கள். அந்தத் தளம் உங்கள் முகவரிக்குப் பதிலாகத் தன்னுடையதை க்யூஆர் ஆக்கித் தந்தால்? ஸ்கேன் செய்ததும் இணைவது அவர்கள் கணினி. செய்திகளைப் பூட்டி வைக்கும் குறியாக்கத்தை உடைக்க வேண்டியதே இல்லை, இனி வரும் செய்திகளெல்லாம் அங்கேயும் போகும். ரஷ்யச் சார்புக் குழுக்கள் போலி க்யூஆர் காட்டி இதே வழியில் சிக்னல் கணக்குகளுக்குள் நுழைந்ததை 2025 பிப்ரவரியில் கூகுள் விவரித்தது. 'க்யூஆர்என்கோட்' கருவி இருந்தால் டெர்மினலிலேயே வரைந்துகொள்ளலாம். எதற்கும் போனில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியலை அவ்வப்போது பாருங்கள்.

அடுத்தது சாவி. டெஸ்க்டாப்பில் பழைய செய்திகள் குறியாக்கிய தரவுத்தளத்தில் இருக்கும். ஆனால் அதைத் திறக்கும் சாவி பல ஆண்டுகள் பக்கத்திலேயே, 'கான்ஃபிக்.ஜேசன்' கோப்பில் வெறும் எழுத்தாகக் கிடந்தது. 2024-இல்தான் அதை இயங்குதளத்தின் கடவுச்சொல் பெட்டகத்தைக் கொண்டு குறியாக்கும் வேலை தொடங்கியது. ஃபிளாட்ஹப் பதிப்பில் அந்தப் பெட்டகத்தை நாமே அமைக்க வேண்டியிருக்கலாம். அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள்: 'என்கிரிப்டட்கீ' என்று இருந்தால் சரி, வெறும் 'கீ' என்று இருந்தால் சாவி பூட்டிலேயே தொங்குகிறது. ஹோம் ஃபோல்டரை முழுசாக கிளவுடுக்கு பேக்கப் எடுப்பவர் என்றால், பூட்டும் சாவியும் ஒன்றாகவே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். சிக்னல்-சிஎல்ஐ தன் சாவிகளை ஹோம் ஃபோல்டரில்தான் வைக்கிறது. டிஸ்க் முழுவதையும் குறியாக்காமல் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

சிஎல்ஐ திரையில் காட்டும் செய்திகளையெல்லாம் லாக் (பதிவு) கோப்பில் சேமிக்கும் பழக்கமும் சிலரிடம் உண்டு. நண்பர் ஒரு மணி நேரத்தில் மறையட்டும் என்று அனுப்பிய செய்தி அதில் வருஷக்கணக்கில் கிடக்கும். அது அவருக்குத் தெரியவும் தெரியாது.

அப்புறம், அப்டேட். சிக்னல் சர்வர் மாறிக்கொண்டே இருக்கும், மூன்று மாதத்துக்கு மேல் பழசான சிஎல்ஐ ஒழுங்காக ஓடாமல் போகலாம். அவசரச் செய்திக்கு அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.