குடுவைச் செடிக்கு உரம் போட வேண்டிய இடம்

நெப்பந்தஸ் என்ற, பூச்சி பிடித்து உண்ணும் குடுவைச் செடிக்கு உரத்தை மண்ணில் போடாதீர்கள், இலை நுனியில் தொங்கும் குடுவைக்குள் போடுங்கள். ஆஸ்மோகோட் போன்ற, மெதுவாகக் கரையும் உர உருண்டைகள் மிளகு அளவில் கிடைக்கும். மூடி நன்றாகத் திறந்து, அடியில் நீர் நிற்கும் குடுவை ஒவ்வொன்றிலும் ஒன்று, பெரியதானால் இரண்டு போட்டால் போதும். மறுபடி போடுவது புதுக் குடுவை திறக்கும்போதுதான்.

சத்தில்லாத மண்ணில் வளர்ந்து பழகிய செடி இது. வேரில் உப்பு ஏறினால் கருகிவிடும். பூச்சியைக் கரைத்துத் தழைச்சத்தை உறிஞ்சும் சுரப்பிகளோ குடுவையின் உட்சுவரில், கீழ்ப்பாதியில் இருக்கின்றன. உருண்டையின் மேலுறை வழியாக உரம் மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் கசிவதால், எறும்பு பிடித்துப் போடும் வேலையும் மிச்சம்.

யூரியா, டிஏபி வேண்டவே வேண்டாம். உடனே கரைந்து குடுவையை அழுக வைத்துவிடும். விரல் நுனி அளவே உள்ள குடுவைக்கும், நீர் வற்றியதற்கும் உரம் கூடாது. மொட்டை மாடியில், தானாகவே எறும்பு விழும் செடிக்கு இது வீண் செலவு. குடுவை அடியிலிருந்து பழுப்பேறினால் உரம் மிகுந்துவிட்டது என்று அர்த்தம்; கவிழ்த்துக் கொட்டிவிட்டுக் கொஞ்சம் மழைநீர் ஊற்றுங்கள். வீனஸ் பூச்சிப்பொறிச் செடிக்கு இந்த வழி பொருந்தாது, அதன் பொறியில் நீரே கிடையாது.

தொட்டிக்கு ஆழ்குழாய் உப்புநீர் ஊற்றுகிறவர்கள் முதலில் அதை நிறுத்துங்கள். உரமெல்லாம் பிறகு.