ஆன்லைன் பட்டம்: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் அங்கீகாரம். பல்கலைக்கழகத்தின் இணையதளம் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம்; அங்கீகாரம் தரும் அமைப்பின் பட்டியலில் நீங்களே தேடுங்கள். போலிப் பல்கலைக்கழகங்கள் அங்கீகார அமைப்பையும் சேர்த்தே உருவாக்கிவிடுவதால், அந்த அமைப்பை அரசு ஏற்கிறதா என்றும் பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருந்தாலும் நீங்கள் சேரும் படிப்புக்கு, அதுவும் ஆன்லைன் வழிக்கு, இல்லாமல் போகலாம். பலர் சறுக்குவது இங்கேதான்.

நர்சிங், சட்டம், ஆசிரியர் பணி போன்றவற்றுக்குப் பல நாடுகளில் உரிமம் வேண்டும். இந்த ஆன்லைன் பட்டம் அதற்குச் செல்லுமா என்று உரிமம் தரும் அமைப்பிடம் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். சேர்க்கை அலுவலர் போனில் சொல்லும் "செல்லும் சார்" எதற்கும் உதவாது.

அடுத்தது நேரம். படிப்பின் அளவைக் கிரெடிட் என்ற அலகால் கணக்கிடுவார்கள்; ஐரோப்பிய முறையில் 1 கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. முழுநேரப் படிப்பு ஆண்டுக்கு 60 கிரெடிட். வேலை பார்த்துக்கொண்டே பாதி வேகத்தில், 30 கிரெடிட் படித்தாலும், ஆண்டின் 52 வாரங்களுக்கும் பரப்பினால்கூட வாரத்துக்கு 14 முதல் 17 மணி நேரம் போகும். அவ்வளவு ஒதுக்க முடியாதவர்கள் முதல் பருவத்தில் ஒரே ஒரு பாடம் எடுப்பது நல்லது.

கட்டணத்தில் தேர்வு, மறுதேர்வு, சான்றிதழ்ச் செலவுகளையும் கூட்டிக்கொள்ளுங்கள். பாதியில் விலகினால் எந்தத் தேதிவரை பணம் திரும்பும் என்பதையும் குறித்து வையுங்கள்.