டேப்லோவில் டேபிள் கல்குலேஷன்: எதில் நாற்பது வீதம்?

புறக்கோட்டை கெய்சர் வீதியில் துணிக்கடை வைத்திருக்கும் மாமாவுக்கு, தரவை அட்டவணையாகவும் வரைபடமாகவும் காட்டும் மென்பொருளான டேப்லோவில் ஒரு விற்பனை அட்டவணை செய்து காட்டினேன். ஏப்ரல் கட்டத்தில் 40% என்று நின்றது. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தவர், "தம்பி, இதென்ன நாற்பது வீதம்? எதில நாற்பது?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. மெனுவில் கிளிக் செய்தேன், எண் வந்தது, அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்துவிட்டால் டேபிள் கல்குலேஷனில் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

டேபிள் கல்குலேஷன் உங்கள் எக்செல் கோப்புக்குள் போய் எதையும் கணக்கிடுவதில்லை. திரையில் அட்டவணையாக வந்து நிற்கும் எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. கடன் கொப்பியில் திறந்திருக்கும் பக்கத்தை மட்டும் பார்த்துக் கூட்டுவது போல. கீழே வரும் குழப்பங்கள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவைதான்.

தரவைத் தயார் செய்தல்

டேப்லோ பப்ளிக் இலவசம், பழக அது போதும். ஆனால் அதில் வெளியிடுவதை யாரும் பார்க்கலாம் என்பதால் கடையின் உண்மைக் கணக்கைப் போடாதீர்கள். நானும் இங்கே கற்பனை எண்களைத்தான் தருகிறேன்.

எக்செல்லில் திகதி, கிளை, விற்பனை என்று மூன்று நிரல்கள். விற்பனை ஆயிரம் ரூபாயில். ஜனவரி முதல் ஏப்ரல் வரை புறக்கோட்டைக் கிளைக்கு 400, 300, 500, 800. வெள்ளவத்தைக் கிளைக்கு 200, 100, 300, 600. மொத்தம் எட்டு வரிகள். ஏப்ரலில் ஏறுவது ஏன் என்று கொழும்பில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, புத்தாண்டு உடுப்பு.

திகதியை 2025-02-01 என்ற வடிவில் எழுதுங்கள். நாம் 01/02/2025 என்று எழுதுவது பெப்ரவரி 1. அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினி அதை ஜனவரி 2 என்று வாசித்துவிடும். வெறுமனே "ஜனவரி", "ஏப்ரல்" என்று சொல்லாக எழுதினாலும் வம்புதான்: அகர வரிசையில் ஏப்ரல் முன்னால் வந்து நிற்கும், அப்புறம் கூட்டல் எல்லாம் ஏப்ரலில் இருந்து தொடங்கும்.

அட்டவணை

எக்செல் கோப்பை டேப்லோவில் திறந்து, திகதியை இழுத்து மேலே உள்ள கொலம்ஸில் (நிரல்கள்) போடுங்கள். முதலில் வருடம்தான் தெரியும். அதன் அம்புக்குறியை அழுத்தி மந்த் என்று மாற்றுங்கள். கிளையை ரோஸில் (வரிகள்) போடுங்கள். விற்பனையை மார்க்ஸ் பெட்டியில் உள்ள டெக்ஸ்ட் மேல் விடுங்கள். மாதங்கள் மேலே, கிளைகள் பக்கத்தில், எட்டு எண்கள் நடுவே. சரி, இப்போது விற்பனையை இன்னொரு முறை இழுத்து அதே டெக்ஸ்ட் மேல் விடுங்கள். ஒன்றில் கணக்கைப் போடுவோம், மற்றது அசல் எண்ணாகவே இருக்கட்டும். சரிபார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ரன்னிங் டோட்டல்

இரண்டாவது விற்பனையின் அம்புக்குறியை அழுத்தி, குயிக் டேபிள் கல்குலேஷன், அதற்குள் ரன்னிங் டோட்டல், அதாவது சேர்த்துக்கொண்டே போகும் கூட்டல். பெயரின் ஓரத்தில் ஒரு சின்ன முக்கோணம் வந்துவிடும். இதில் டேபிள் கல்குலேஷன் ஓடுகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

புறக்கோட்டை வரியில் 400, 700, 1200, 2000 என்று ஏறும். வெள்ளவத்தையில் 200, 300, 600, 1200. இடமிருந்து வலமாகக் கூட்டியிருக்கிறது. டேப்லோவில் இதற்குப் பெயர் டேபிள் அக்ராஸ்.

மறுபடி அதே அம்புக்குறி, கம்பியூட் யூசிங். டேபிள் டவுன் என்று மாற்றினால் மேலிருந்து கீழாகக் கூட்டும். புறக்கோட்டை முதல் வரி என்பதால் அதன் அசல் எண்களே நிற்கும். வெள்ளவத்தையில் 600, 400, 800, 1400 என்று அந்தந்த மாதத்துக்கு இரண்டு கிளைகளின் கூட்டுத்தொகை வரும். டேபிள் அக்ராஸ் தென் டவுன் கொடுத்துப் பாருங்கள். புறக்கோட்டையில் 2000 வரை போய், வெள்ளவத்தை 2200இல் தொடங்கி 3200இல் முடியும். மூன்றுமே பிழையில்லை. கேள்விகள்தான் வேறு.

மாமாவின் நாற்பது

ரன்னிங் டோட்டலுக்குப் பதிலாக பர்சென்ட் ஆஃப் டோட்டல் தெரிவு செய்யுங்கள். புறக்கோட்டையின் ஏப்ரல் கட்டத்தை, அதாவது அந்த 800ஐ, மட்டும் பாருங்கள்.

டேபிள் அக்ராஸில் 40%. புறக்கோட்டையின் நான்கு மாத விற்பனை 2000, அதில் 800. டேபிள் டவுனில் 57.14%. ஏப்ரலில் இரண்டு கிளையும் சேர்ந்து 1400, அதில் 800. வெறும் டேபிள் என்று கொடுத்தால் 25%. எல்லாம் சேர்ந்து 3200, அதில் 800.

ஒரே கட்டம், ஒரே 800, மூன்று விடைகள். அதனால் நான் இப்போது மெனுவைத் திறக்கும் முன்பே "எதில்?" என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்கிறேன். தலைப்பிலும் எழுதிவிடுகிறேன்: "கிளையின் நான்கு மாத விற்பனையில் பங்கு". நீளம்தான், ஆனால் மாமா கேள்வி கேட்பதில்லை.

பர்சென்ட் டிஃபரன்ஸ், காணாமல் போகும் ஜனவரி

முந்தைய மாதத்தோடு ஒப்பிட பர்சென்ட் டிஃபரன்ஸ், டேபிள் அக்ராஸ். புறக்கோட்டைக்குப் பெப்ரவரியில் 25% குறைவு, மார்ச்சில் 66.67% கூடுதல், ஏப்ரலில் 60% கூடுதல். ஜனவரி வெறுமையாக இருக்கும். பதற வேண்டாம், அதற்கு முன்னால் ஒப்பிட மாதமே இல்லை.

அந்த வெறுமை கண்ணை உறுத்துகிறது என்று ஜனவரியை ஃபில்டரில் எடுத்துவிடுவோம். உடனே பெப்ரவரி வெறுமையாகிவிடும்! ஃபில்டர் முதலில் ஓடி ஜனவரியை அகற்றிவிடுகிறது. மீதமுள்ள பக்கத்தைத்தான் கணக்கு பார்க்கிறது. ஃபில்டரை நீக்கிவிட்டு, ஜனவரி என்ற தலைப்பின் மேல் ரைட் கிளிக் செய்து ஹைட் கொடுங்கள். மாதம் மறையும், எண் இருக்கும், பெப்ரவரியின் 25% குறைவு அப்படியே நிற்கும்.

மூவிங் ஆவரேஜும் அதே மெனுவில்தான். மாற்றாமல் விட்டால் அந்த மாதத்தையும் முந்தைய இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுக்கும். புறக்கோட்டையின் ஏப்ரல் 800 இல்லாமல் 533.3 ஆகத் தெரியும்.

திசையை நம்பாதீர்கள்

மேலே உள்ள ஸ்வாப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். மாதங்கள் பக்கவாட்டுக்கும் கிளைகள் மேலுக்கும் போகும். அக்ராஸ் என்று கொடுத்த கணக்கு இப்போதும் இடமிருந்து வலமாகத்தான் ஓடும், ஆனால் அந்தத் திசையில் இருப்பது கிளைகள். மாதக் கணக்கு சத்தமில்லாமல் கிளைக் கணக்காகிவிட்டது.

இதைத் தவிர்க்க அதே அம்புக்குறியில் எடிட் டேபிள் கல்குலேஷன் திறந்து ஸ்பெசிஃபிக் டைமென்ஷன்ஸ் தெரிவு செய்யுங்கள். திகதிக்கு டிக் போடுங்கள், கிளைக்கு டிக்கை எடுங்கள். டிக் உள்ளதன் வழியாகக் கணக்கு நடக்கும். டிக் இல்லாதது மாறும்போதெல்லாம் கணக்கு புதிதாகத் தொடங்கும். இனி ஸ்வாப்பை எத்தனை முறை அழுத்தினாலும் புறக்கோட்டையின் பெப்ரவரி 25% குறைவாகவே நிற்கும். சரிவந்ததும் அந்த முக்கோணம் போட்ட விற்பனையை இழுத்து இடதுபக்கத் தரவுப் பட்டியலில் விட்டு, ஒரு பெயர் கொடுத்து வையுங்கள். நான் வைத்த பெயர் "போன மாதத்தைவிட".