செஸ் பழகுபவர் ஓப்பனிங்கை எவ்வளவு படிக்க வேண்டும்?

செஸ் பழக ஆரம்பித்த ஆறாவது மாதம், சிசிலியன் நஜ்டார்ஃப் என்ற ஓப்பனிங்கை, அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்வு வரிசையை, பன்னிரண்டு நகர்வுவரை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். கல்யாண மண்டபத்தில் நடந்த ஒரு சின்னப் போட்டி. எதிரே மூன்றாம் வகுப்புப் பையன். சிப்பாயை இ4 கட்டத்துக்குத் தள்ளினான், நான் என் சிப்பாயை சி5-க்கு. அடுத்து குதிரை எஃப்3-க்கு வரும் என்று காத்திருந்தால், பிஷப்பை சி4-இல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டான். நான் உருப்போட்டதில் ஒரு நகர்வுக்குத்தான் வேலை வந்தது. இருபதாவது நகர்வு வாக்கில் அவன் குதிரை என் ராஜாவுக்கு செக் கொடுத்துக்கொண்டே யானையையும் பிடித்தது. அதற்குப் பழியை ஓப்பனிங்கின் மேல் போட முடியாது.

இப்போது யாராவது கேட்டால் நான் சொல்லும் கணக்கு இது: தினம் ஒரு மணி நேரம் செஸ்ஸுக்கு என்றால் ஓப்பனிங்குக்குப் பத்து நிமிடம். மற்ற நேரம் ஆட்டமும் புதிர்களும். அந்தப் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டியவை கீழே.

படி 1: தோற்ற ஆட்டங்களைத் திறங்கள்

கடைசியாகத் தோற்ற பத்து ஆட்டங்களை எடுத்து, எத்தனையாவது நகர்வில் காய் போனது என்று மட்டும் குறியுங்கள். பெரும்பாலும் பதினைந்துக்கு மேல்தான் இருக்கும். பத்து நகர்வுக்குள்ளேயே காய் போன ஆட்டங்கள் நான்கைந்து இருந்தால், சரி, ஓப்பனிங் நேரத்தைக் கொஞ்சம் கூட்டலாம்.

படி 2: மூன்று ஓப்பனிங் போதும்

வெள்ளைக்கு ஒன்று, இ4-க்குப் பதில் ஒன்று, டி4-க்குப் பதில் ஒன்று. என் பரிந்துரை: வெள்ளையில் இத்தாலியன் (நகர்வுகள் படி 3-இல்), கறுப்பில் இ4-க்கு இ5, டி4-க்கு டி5. வெள்ளைக்கு லண்டன் சிஸ்டம் என்ற ஓப்பனிங் சுலபம் என்பார்கள். சுலபம்தான். எதிராளி என்ன ஆடினாலும் கை அதே காயை அதே கட்டத்தில் வைக்கும். எதிராளியின் நகர்வைப் பார்க்கும் பழக்கமே வராமல் போகும் என்பதுதான் என் பயம்.

படி 3: நகர்வோடு காரணத்தையும் படியுங்கள்

பலகையை எடுத்து வைத்துக்கொண்டு இத்தாலியனை ஆடிப் பாருங்கள்.

1. இ4 இ5
2. குதிரை எஃப்3 – இ5 சிப்பாய்க்கு மிரட்டல். கறுப்பு குதிரை சி6 – அதற்குக் காவல்.
3. பிஷப் சி4 – எஃப்7 மேல் கண். அந்தக் கட்டத்துக்கு ராஜாவைத் தவிர வேறு காவல் கிடையாது. கறுப்பும் பிஷப் சி5.
4. சி3 – பிற்பாடு டி4 தள்ளுவதற்கு முட்டுக்கொடுப்பது. கறுப்பு குதிரை எஃப்6.
5. டி3 – மிரட்டப்பட்ட இ4-க்குக் காவல். அடுத்து காஸ்லிங்.

இதோடு நிறுத்துங்கள். இதற்குப் பிறகு வெளியே வராத காய் எது, அதை எங்கே வைக்கலாம் என்று நீங்களே யோசிக்க வேண்டும்.

படி 4: இரண்டு பொறிகளை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்

முதலாவது, நான்கு நகர்வு மேட். இ4, இ5 ஆனதும் வெள்ளை ராணி எச்5-க்கு வரும். குதிரை சி6 ஆடி இ5-ஐக் காப்பாற்றுங்கள். பிஷப் சி4 வந்ததும் எஃப்7-இல் மேட் காத்திருக்கிறது. அவசரப்பட்டுக் குதிரையை எஃப்6-க்குக் கொண்டுபோனால் ஆட்டம் முடிந்தது. முதலில் ஜி6. ராணி எஃப்3-க்குப் பின்வாங்கி மறுபடி எஃப்7-ஐப் பார்க்கும். இப்போது குதிரை எஃப்6. உங்கள் குதிரை இரண்டும் வெளியே, வெள்ளைக் குதிரைக்கு வேண்டிய எஃப்3-இல் ராணி உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது, இத்தாலியனில் மூன்றாவது நகர்வாகக் கறுப்பு குதிரை எஃப்6 ஆடும்போது வருவது. வெள்ளைக் குதிரை ஜி5-க்குத் தாவும். நீங்கள் டி5 ஆட, சிப்பாய் அதை வெட்டும். கை தானாகக் குதிரையால் திருப்பி வெட்டப் போகும். வேண்டாம். வெட்டினால் வெள்ளைக் குதிரை எஃப்7-இல் விழும், ராஜா அதை வெட்டும், ராணி எஃப்3-இல் செக் கொடுத்துக்கொண்டே டி5 குதிரையையும் மிரட்டும். அதைக் காப்பாற்ற ராஜா இ6-க்கு, நட்ட நடுப் பலகைக்கு நடந்து வரவேண்டும். அதனால் சி6 குதிரையை ஏ5-க்கு அனுப்பி பிஷப்பை மிரட்டுங்கள். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் மூன்றாவது நகர்விலேயே பிஷப் சி5 ஆடிவிடுங்கள். அப்போது குதிரை ஜி5-க்கு வந்தால் உங்கள் ராணி அதைச் சும்மா வெட்டிக்கொள்ளும்.

படி 5: ஆட்டம் முடிந்ததும் ஒரே ஒரு நகர்வு

ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும், தெரிந்த பாதை எங்கே முடிந்தது என்று பாருங்கள். அந்த இடத்தில் என்ன ஆடியிருக்கலாம் என்று முதலில் நீங்களே யோசியுங்கள். அப்புறம் லிச்செஸ் என்ற செஸ் இணையதளத்தில் இலவசமாகவே இருக்கும் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரரில், மற்றவர்கள் அங்கே என்ன ஆடியிருக்கிறார்கள் என்று ஒப்பிடுங்கள். நல்ல நகர்வைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி நிரலான எஞ்சினைக் கடைசியில் திறந்தால் போதும். 2024-இல் உலக சாம்பியன் ஆன குகேஷ், சிறுவயதில் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவிடம் எஞ்சின் இல்லாமல்தான் பழகினார்.

கிடைத்ததை நோட்டில் ஒரு வரியாக எழுதுங்கள். என் நோட்டில் நேற்றைய வரி: “இத்தாலியன், கறுப்பு பிஷப் ஜி4. பின்னால் ராணி இருப்பதால் எஃப்3 குதிரை நகர முடியாமல் கட்டுப்பட்டதே என்று பயந்து ராணியை நகர்த்தினேன். எச்3 ஆடி அந்த பிஷப்பை மிரட்டிவிட்டு இன்னொரு குதிரையை டி2-க்குக் கொண்டுவந்திருந்தால் போதும்.”